படம் காட்டும், சொல் கூறும்

படங்களைப் பற்றி வானொலியிலே பேசுவது சற்று விந்தையான முயற்சிதான். கண்ணுக்கு எதனையும் காட்ட இயலாத ஒரு கருவியின் முன்னே அமர்ந்துகொண்டு, கண்ணால் அறியப்படும் ஒரு பொருளைப் பற்றி உரைக்க வந்திருக்கின்றேன். ஆயினும் இக்குறையே இன்றைய பேச்சுக்கு ஒரு வாய்ப்பாகவும் அமைகின்றது. 'பனைமரம்' என்று நான் சொல்கின்றேன். உங்கள் ஒவ்வொருவர் உள்ளத்திலும் ஒரு பனை தோன்றியிருக்கும். சிலர் கண்டது வடலியாக இருக்கலாம். சிலர் கண்டது வானளாவி நிற்கும் முதிர்ந்த பனையாக இருக்கலாம். நான் சொன்ன சொல் ஒன்று. நீங்கள் கண்ட பனைகளோ பல. சொல்லுக்குப் பதிலாக ஒரு படத்தை நான் காட்டியிருப்பேனாயின், நீங்கள் அனைவரும் ஒரே பனையைக் கண்டிருப்பீர்கள். ஆனால் வேறொரு கேள்வி உடனே எழுந்திருக்கும். "இவர் இந்தப் பனையை எதற்காகக் காட்டுகின்றார்? இது நல்ல பனை என்கின்றாரா, வெட்டப்பட வேண்டும் என்கின்றாரா, தம்முடையது என்கின்றாரா?" என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். அக்கேள்விக்குப் படம் விடை கூறமாட்டாது.

படத்துக்கும் சொல்லுக்கும் உள்ள வேறுபாடு இச்சிறிய உதாரணத்திலே அடங்கியிருக்கின்றது. படம் ஒரு பொருளைக் காட்டுகின்றது; சொல் அப்பொருளைப் பற்றி ஒன்றைக் கூறுகின்றது. காட்டுதலும் கூறுதலும் ஒன்றல்ல. இஃது அறிஞர்களின் வாதத்துக்கு மட்டும் உரிய செய்தியென எண்ணிவிடக் கூடாது. இவ்வேறுபாட்டை உணராமையினாலே மனிதர் பலர் உயிரிழந்ததும் உண்டு. அந்நிகழ்ச்சிகளுக்குப் பின்னர் வருவேன். முதலிலே படத்தின் ஆற்றல் எது, சொல்லின் ஆற்றல் எது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

சொல் என்பது உடன்பாட்டினாலே பொருள் தருவது. நாம் மரம் என்கின்றோம். சிங்கள மக்கள் கஹ என்கின்றனர். ஆங்கிலேயர் ட்ரீ என்கின்றனர். இவ்வொலிகளுள் எதுவும் மரத்தைப் போன்றதன்று. சொல் இன்ன பொருளைக் குறிப்பதற்குக் காரணம் வெளிப்படையாகத் தோன்றுவதில்லை என்று தொல்காப்பியர் உரியியலிலே கூறிச் சென்றார். சுவிற்சர்லாந்து தேசத்து மொழியறிஞர் சொசூர் என்பாரின் விரிவுரைகள் 1916ஆம் ஆண்டிலே நூலாக வெளிவந்தபொழுது, சொல்லுக்கும் பொருளுக்கும் இயற்கையான தொடர்பு இல்லை என்ற கருத்து அந்நூலின் அடிப்படைகளுள் ஒன்றாக விளங்கிற்று. ஆதலின் ஒரு மொழியைக் கல்லாதவனுக்கு அம்மொழியின் சொல் வெறும் ஓசையே. படமோ ஒப்புமையினாலே பொருள் தருவது. ஒரு மரத்தின் ஓவியத்தைத் தமிழர், சிங்களவர், ஆங்கிலேயர் ஆகிய மூவரும் அகராதியின் துணையின்றி அறிந்துகொள்வர்.

படத்துக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அது முழுமையையும் ஒருங்கே தருகின்றது. எமது இலங்கையின் தேசப்படத்தை எடுத்துக்கொள்வோம். அதிலே 25 மாவட்டங்களின் தலைநகரங்களும் 25 புள்ளிகளாகக் குறிக்கப்பட்டுள்ளன எனக் கொள்வோம். அந்நகரங்களுள் எந்த இரண்டையேனும் எடுத்து, அவற்றின் இடைத்தூரத்தை அளவுகோலால் அளந்து அறியலாம். அவ்வாறு எத்தனை சோடிகள் உள்ளன? கணக்கிட்டுப் பார்த்தால் 300 சோடிகள் வரும். இவற்றைச் சொல்லாற் கூற விரும்பின், "யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் இடையே இத்தனை மைல், வவுனியாவுக்கும் மன்னாருக்கும் இடையே இத்தனை மைல்" என்று 300 வாக்கியங்கள் எழுத வேண்டும். தேசப்படம் வரைந்தவர் 25 புள்ளிகளையே இட்டார். 300 செய்திகளும் தாமாகவே அதனுள் வந்து அமர்ந்துவிட்டன. சொல்லோ ஒன்றன்பின் ஒன்றாகவே வரவேண்டும். கேட்பவர் முன்னே வந்ததை நினைவில் வைத்துப் பின்னே வருவதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். ஜெர்மானிய அறிஞர் லெஸ்ஸிங், ஓவியமும் சிற்பமும் இடத்திலே விரிவன, கவிதை காலத்திலே தொடர்வது என்று 1766ஆம் ஆண்டிலே வெளியிட்ட தமது நூலில் வகுத்துரைத்தார்.

இவ்வுண்மைக்கு நம்மவர் அனைவரும் அறிந்த சான்று நடராச வடிவம். பொலன்னறுவையிலே கண்டெடுக்கப்பட்ட செப்புத் திருமேனிகள் கொழும்பு நூதனசாலையிலே உள்ளன, சென்று காணலாம். உடுக்கை ஏந்திய கை படைத்தலையும், அமைந்த கை காத்தலையும், தீ ஏந்திய கை அழித்தலையும், ஊன்றிய பாதம் மறைத்தலையும், தூக்கிய பாதம் அருளலையும் குறிப்பன என்று சைவ சாத்திர நூல்களுள் ஒன்றாகிய உண்மை விளக்கம் கூறுகின்றது. நான் இப்பொழுது ஐந்து தொழில்களையும் ஐந்து தொடர்களாக, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். வேறு வழி எனக்கில்லை. கேட்பவருக்குப் படைத்தல் முதலிலும் அழித்தல் பின்னரும் நிகழ்வதாகவே தோன்றும். சிற்பியோ ஐந்தையும் ஒரே கணத்திலே நிறுத்திவிட்டான். படைக்கும் கையும் அழிக்கும் கையும் ஒரே உடலில் ஒரே வேளையில் ஆடுகின்றன. எந்தச் சொற்பொழிவும் இதனை இவ்வண்ணம் தர இயலாது.

ஆயினும் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். உண்மை விளக்கத்தையோ அதன் வழிவந்த உரைகளையோ கேட்டறியாத ஒருவர் அத்திருமேனியின் முன்னே நின்றால், நான்கு கைகளோடு ஒருவர் ஆடுவதைக் காண்பாரேயன்றி ஐந்தொழிலைக் காணமாட்டார். கொழும்பிலே 1877ஆம் ஆண்டு பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, 1918இல் வெளிவந்த 'சிவ நடனம்' என்ற ஆங்கில நூலிலே அவ்வடிவத்தை மேலை நாட்டாருக்கு விளக்க நேர்ந்தமைக்குக் காரணம் இதுவே. வடிவம் கண்முன்னே இருந்தது. பொருள் சொல்லிலே இருந்தது.

இனிப் படத்தினால் இயலாதது எது என்று பார்ப்போம். எமது பாடசாலையிலே ஏழாம் வகுப்பு மாணவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். "முற்றத்தில் மாடு இல்லை" என்ற வாக்கியத்தை, எழுத்து ஒன்றும் எழுதாமல் படமாக வரைந்து காட்டுங்கள் என்றேன். பிள்ளைகள் உற்சாகத்தோடு தொடங்கினர். சிறிது நேரத்தில் வகுப்பிலே ஓர் அமைதி உண்டாயிற்று. ஒரு மாணவன் வெறும் முற்றத்தை வரைந்தான். அருகில் இருந்தவன், "உன் முற்றத்தில் ஆடும் இல்லை, யானையும் இல்லை; மாடுதான் இல்லை என்று எப்படி அறிவது?" என்று கேட்டுவிட்டான். இன்னொரு மாணவி மாட்டை வரைந்து, அதன்மேல் குறுக்கே கோடு கிழித்தாள். மூன்றாவது மாணவன் ஒரு கட்டையையும், அதிலே தொங்கும் அறுந்த கயிற்றையும், பக்கத்தில் சாணத்தையும் வரைந்தான். வகுப்பு முழுவதும் கைதட்டிற்று.

மூன்று விடைகளும் நல்ல விடைகளே. ஆனால் மூன்றும் ஒரே உண்மையைக் காட்டின. படத்துக்கு 'இல்லை' என்று சொல்லத் தெரியாது. வெறும் முற்றம் எல்லாவற்றின் இன்மையையும் சமமாகக் காட்டுகின்றது. அறுந்த கயிறு மாடு ஓடிவிட்டதை உய்த்துணரச் செய்கின்றது. உய்த்துணர்வதற்கோ கயிறும் கட்டையும் எதற்குப் பயன்படுவன என்று பார்ப்பவர் முன்னமே அறிந்திருக்க வேண்டும். மாணவி இட்ட குறுக்குக்கோடு படமே அன்று. எந்த மாட்டின் உடலிலும் அத்தகைய கோடு இல்லை. அது 'இல்லை' என்ற சொல்லின் வேலையைச் செய்யுமாறு நாம் உடன்பட்டு ஏற்றுக்கொண்ட ஒரு குறி. 'இல்லை' மட்டுமன்று, 'ஆனால்', 'ஒருவேளை', 'நேற்று', 'எல்லாரும்' என்பன போன்ற சொற்களுக்கும் இயற்கையான படம் கிடையாது. மொழியின் முதுகெலும்பாக விளங்குபவை இச்சொற்களே.

வீதிக் குறிகளிலும் இதனைக் காணலாம். 1909ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் எய்தப்பட்ட உடன்படிக்கை நான்கு குறிகளையே வகுத்தது: மேடு பள்ளம், வளைவு, சந்தி, புகையிரதக் கடவை. நான்கும் வீதியிலே முன்னே இருப்பதைக் காட்டுவன. இருப்பதைக் காட்டுதல் படத்துக்கு எளிது. 'செய்யாதே' என்று விலக்குவதற்கோ, சிவப்பு வளையம், குறுக்குக்கோடு முதலிய உடன்பாட்டுக் குறிகள் வேண்டியிருந்தன. பிரித்தானியாவின் வீதிகளில், சிவப்பு வளையத்தின் நடுவே துவிச்சக்கர வண்டியின் படம், குறுக்குக்கோடு இல்லாமல் நிற்பதுண்டு. அவ்வழியே துவிச்சக்கர வண்டி செல்லக் கூடாது என்பது அதன் பொருள். அவ்விதியைப் படித்தறியாத ஒருவர், இது வண்டிகளுக்கென்றே ஒதுக்கிய வழி எனக் கொண்டால் அவரைக் குறைகூற முடியாது. வண்டியைப் படம் காட்டிற்று. விலக்கை விதிநூல்தான் கூறவேண்டும்.

சில வேளைகளிலே படம், தான் காட்டும் பொருளை முற்றாக விட்டுவிட்டு, வெறும் பெயராகவே மாறிவிடுவதும் உண்டு. இந்நாட்டிலே 1931ஆம் ஆண்டு சர்வசன வாக்குரிமை வந்தபொழுது, எழுத்தறியாத வாக்காளருக்காக ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒவ்வொரு நிறத்திலே வாக்குப் பெட்டி வைக்கப்பட்டது. பின்னர் நிறங்களின் இடத்தைச் சின்னங்கள் பெற்றன. வாக்குச்சீட்டிலே யானையின் படத்தைக் காண்பவர் யானையைப் பற்றி எண்ணுவதில்லை. வீட்டின் படத்தைக் காண்பவர் வீட்டைப் பற்றி எண்ணுவதில்லை. இன்ன கட்சி என்றே எண்ணுகின்றனர். இங்கே படம், சொல்லைப் போலவே, உடன்பாட்டினால் மட்டுமே பொருள் தருகின்றது. எனவே கண்ணுக்குப் படமாகத் தோன்றுவனவெல்லாம் ஒப்புமையினாற் பேசுவன அல்ல என்பதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

படத்துக்கு மற்றொரு சங்கடமும் உண்டு. "நான் கருதுவது இதனை மட்டுமே" என்று தன் பொருளுக்கு எல்லை கட்டிக்கொள்ள அதற்கு இயலாது. செஞ்சிலுவைக் குறியின் வரலாறு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. போர்க்களத்திலே காயமுற்றோரைப் பேணுவோர் சுடப்படாமல் இருக்க வேண்டுமென்று, 1864ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை, வெண்ணிலத்திலே சிவப்புச் சிலுவையைப் பொதுக்குறியாக ஏற்றது. சுவிற்சர்லாந்தின் கொடியிலே சிவப்பு நிலத்தில் வெண்சிலுவை உண்டு. அந்நிறங்களை மாற்றிய வடிவமே இது. மதம் எதனையும் குறிப்பது அதன் நோக்கமன்று. ஆனால் 1876ஆம் ஆண்டிலே துருக்கிப் பேரரசு, அச்சிலுவை தன் முஸ்லிம் வீரர்களின் உள்ளத்தைப் புண்படுத்துகின்றது எனக் கூறிச் செம்பிறையைக் கைக்கொண்டது. 1929ஆம் ஆண்டு உடன்படிக்கை செம்பிறைக்கும் இடம் அளித்தது. ஈற்றில் 2005ஆம் ஆண்டிலே, முனைமேல் நிற்கும் சிவப்புச் சதுரச் சட்டம் ஒன்று, எந்த மதத்தையும் நாட்டையும் நினைவூட்டாத மூன்றாவது குறியாக ஏற்கப்பட்டது. உடன்படிக்கையின் வாசகம் என்ன சொல்லினும், சிலுவையைக் கண்ட கண் தான் முன்பு அறிந்த சிலுவையையே கண்டது. பார்ப்பவர் தம்முடன் கொண்டுவரும் நினைவு படத்தின் பொருளிலே ஒரு பங்காகிவிடுகின்றது.

இனி, தொடக்கத்திலே சொன்ன துயர நிகழ்ச்சிகளுக்கு வருகின்றேன். 1971ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே ஈராக் தேசத்துக்கு விதைத் தானியம் பெருந்தொகையாக இறக்குமதி செய்யப்பட்டது. அதன் பெரும்பகுதி மெக்சிக்கோவிலிருந்து வந்த கோதுமை. பூஞ்சண நோய் தாக்காதிருக்க இரசம் கலந்த நச்சு மருந்து அவ்விதையிலே பூசப்பட்டிருந்தது. உண்ணத் தகாதது என்பதை உணர்த்தச் செந்நிறச் சாயமும் ஊட்டப்பட்டிருந்தது. சாக்குகளிலே ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் எச்சரிக்கை எழுதப்பட்டிருந்தது. மண்டையோடும் எலும்புகளும் வரைந்த குறியும் இருந்தது. ஈராக்கியக் கிராமத்தவருக்கு அம்மொழிகள் தெரியா. அம்மண்டையோட்டுக் குறி நஞ்சைக் குறிக்கும் என்பதும் அவர்களுக்குப் பழக்கமில்லாத செய்தி. பலர் அத்தானியத்தை மாவாக்கி ரொட்டி சுட்டு உண்டனர். சிலர் சாயத்தை நீரிலே கழுவிப் போக்கினர். சாயத்தோடு தீங்கும் போய்விட்டதென நம்பினர். சாயம் போயிற்று, நஞ்சு போகவில்லை. நோய்க்குறிகள் தோன்றப் பல வாரங்கள் சென்றமையால் எவரும் உடனே ஐயுறவுமில்லை. வைத்தியசாலைகளிலே அனுமதிக்கப்பட்டோர் 6,530 பேர் எனவும், அங்கே இறந்தோர் 459 பேர் எனவும் அரசாங்கக் கணக்குக் கூறிற்று.

இதனைக் கேட்கும்பொழுது, அவர்கள் அறியாதவர்கள் என்று சொல்லிவிடுதல் எளிது. சற்று நிதானித்து நோக்குவோம். மண்டையோடு எதனைக் காட்டுகின்றது? இறந்துபோன ஒரு மனிதனின் தலையைக் காட்டுகின்றது. "இதனை உண்டால் நீ இறப்பாய்" என்று அது கூறவில்லை. 'உண்டால்' என்ற சொல்லுக்குப் படம் இல்லை. 'நீ' என்ற சொல்லுக்கும் படம் இல்லை. அவ்விரு சொற்களையும் நமக்குக் கூட்டித் தந்தவர்கள் நமது பெற்றோரும் ஆசிரியருமே. எவரும் கூட்டித் தராத இடத்திலே அது வெறும் எலும்பின் சித்திரமாகவே நின்றுவிட்டது.

இதனினும் கடினமானது கதிர்வீச்சுக்குரிய குறி. நடுவே ஒரு வட்டமும் சுற்றிலும் மூன்று இதழ்களும் கொண்ட அக்குறி, 1946ஆம் ஆண்டு கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றிலே உருவாயிற்று. கதிர்வீச்சு கண்ணுக்குத் தோன்றாதது. ஆதலின் அதற்கு ஒப்புமையான வடிவமும் இல்லை. கல்லாதவருக்கு அது ஒரு விசிறியாகவோ பூவாகவோதான் தோன்றும். 2000ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, தாய்லாந்தில் சாமுத் பிரகான் என்னும் இடத்தில், கைவிடப்பட்ட மருத்துவக் கருவி ஒன்றின் பாகத்தைப் பழைய இரும்பு வாங்கி விற்போர் உடைத்துத் திறந்தனர். அதனுள்ளே கோபால்ற்று என்னும் கதிர்வீசும் பொருள் இருந்தது. மூவிதழ்க் குறியின் பொருளை உடைத்தவர்கள் அறிந்திருக்கவில்லை. பத்துப் பேர் கடுமையான கதிர்வீச்சுக்கு ஆளாயினர்; அவர்களுள் மூவர் மாண்டனர்.

இத்தகைய விபத்துக்களின் பின்னர், சர்வதேச அணுசக்தி முகவரகம் 2007ஆம் ஆண்டிலே புதிய குறி ஒன்றை வெளியிட்டது. சிவப்பு முக்கோணத்தினுள்ளே, மேலே மூவிதழ்க் குறியிலிருந்து அலைகள் பாய்கின்றன. கீழே ஒருபுறம் மண்டையோடு. மறுபுறம் ஓடும் மனிதனும் அம்புக்குறியும். இதிலே இரண்டு செய்திகள் போற்றத்தக்கவை. ஒன்று, இது பொருளைக் காட்டுவதோடு நில்லாமல், செய்யவேண்டியதையும் காட்ட முயல்கின்றது. மற்றையது, இக்குறியைத் தாங்களே அறையினுள் இருந்து தீர்மானித்துவிடாமல், 11 நாடுகளிலே பல வயதினரும் பல கல்வித்தரத்தினருமான மக்களிடம் காட்டி, "இது உங்களுக்கு என்ன சொல்கின்றது?" என்று கேட்டறிந்த பின்னரே வெளியிட்டனர். குறியின் பொருளை வரைந்தவரிடம் கேட்டுப் பயனில்லை. காண்பவரிடமே கேட்க வேண்டும்.

நமது நாட்டிலும் இதற்கு ஓர் அனுபவம் உண்டு. போர் நடந்த பிரதேசங்களிலே, 2009ஆம் ஆண்டு போர் முடிவுற்ற பின்னரும், மண்ணுக்குள்ளே மிதிவெடிகள் எஞ்சியிருந்தன. சிவப்புப் பலகைகளிலே மண்டையோட்டுக் குறியும், அதனோடு தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் எச்சரிக்கையும் இடம்பெற்றன. அத்துடன் அமையாது, பாடசாலைகளிலே பிள்ளைகளுக்கு அப்பலகையின் பொருள் கற்பிக்கப்பட்டது. கண்டால் அப்பால் செல்லாதே, தொடாதே, பெரியவரிடம் வந்து சொல் என்று வாய்மொழியாகப் பயிற்றினர். ஈராக்கிலே சாக்கின்மேல் இருந்த குறியும் இப்பலகையின்மேல் இருந்த குறியும் ஏறத்தாழ ஒன்றே. ஒன்றுக்குச் சொல் துணையாக வந்தது, மற்றதற்கு வரவில்லை. வேறுபாடு அதுவே.

நேயர்களே, எழுத்தைப் படிக்கக் கற்பிக்க வேண்டும் என்பதை நாம் எல்லாரும் ஒப்புக்கொள்கின்றோம். படத்தையோ எவரும் கல்லாமலே படித்துவிடலாம் என்று எண்ணிவிடுகின்றோம். மரத்தின் படத்தைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் இக்காலத்திலே நம்மைச் சூழ்ந்து நிற்கும் குறிகளுள் மிகப் பல, படத்தின் வேடம் பூண்ட சொற்களே. அவற்றைக் கற்றுத்தான் ஆகவேண்டும்.

ஆகையால் ஒரு சிறிய வேண்டுகோளோடு அமைகின்றேன். உங்கள் வீட்டிலே பூச்சிகொல்லி மருந்துப் போத்தல் இருக்கலாம். மண்ணெண்ணெய்ப் போத்தல் இருக்கலாம். குளிசைப் பெட்டி இருக்கலாம். அவற்றின்மேல் உள்ள குறிகளைச் சிறுவர்களிடம் காட்டி, "இது என்ன?" என்று முதலிலே கேளுங்கள். அவர்கள் தரும் விடை உங்களை வியப்பில் ஆழ்த்தக்கூடும். பின்னர், "இதைக் கண்டால் நீ என்ன செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். முதற் கேள்விக்குப் படம் விடை கூறலாம். இரண்டாவது கேள்விக்கு நீங்கள்தான் வாய்திறந்து விடை கூற வேண்டும்.